ஊருக்கு ஒரு 'இன்று' பலகை: செட்டிநாட்டு நினைவு நாட்களைத் தொகுக்க வருபவர்களுக்கு

பிப்ரவரி 11 வந்தால் பல பள்ளிகளின் கரும்பலகையில் எடிசன் பிறந்த நாள் என்று எழுதியிருக்கும். நல்லதுதான். ஆனால் அதே பிப்ரவரி 11-ல், 1921-ஆம் ஆண்டு, நெற்குப்பையில் பிறந்தவர் சோமலெ. ஊர் ஊராகச் சுற்றிப் பயண நூல்களும், தமிழ்நாட்டு மாவட்டங்களைப் பற்றித் தனித்தனி நூல்களும் எழுதியவர். நெற்குப்பைப் பிள்ளைகளுக்கு எடிசனைத் தெரியும், சோமலெயைத் தெரியாது என்றால் பலகை எழுதுகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

பள்ளியிலோ, கிளை நூலகத்திலோ, வாட்ஸ்அப் குழுவிலோ 'வரலாற்றில் இன்று' எழுதும் பொறுப்பு புதிதாக உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். என் கட்சி ஒன்றுதான்: தேதியோடு ஓர் இடத்தையும் ஒரு செயலையும் சேர்த்து எழுத முடியாவிட்டால் அந்தத் தேதியை எழுதாதீர்கள். பெயரும் ஆண்டும் மட்டும் இருந்தால் சாக்பீஸ் அழிவதற்குள் மறந்துவிடும். "நீ தினம் சைக்கிளில் போகிறாயே, அந்த வாசல்" என்று சொன்னால் மறக்காது.

முதலில் எல்லை

யாரையெல்லாம் சேர்ப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் மார்ச் மாதத்துக்குள் உலகமே உள்ளே வந்துவிடும்.

மூன்று வகை போதும். இங்கே பிறந்தவர்கள் முதல் வகை: சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன், கோட்டையூர் அழகப்பர் (வள்ளல் அழகப்ப செட்டியார்), கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார், மகிபாலன்பட்டிப் பண்டிதமணி கதிரேசனார். இரண்டாவது, வெளியில் பிறந்து இங்கே வேரூன்றியவர்கள். குன்றக்குடி அடிகளார் மயிலாடுதுறைப் பக்கம் பிறந்தவர். ஆனால் குன்றக்குடி என்ற பெயரே அவரால்தான் தமிழ்நாடு முழுக்கப் போனது. மூன்றாவது, வந்து போனவர்கள். பாரதியார் 1919-ல் கானாடுகாத்தானில் வை.சு. சண்முகம் செட்டியார் வீட்டில் தங்கினார், காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கும் வந்தார். காந்தி 1927 செப்டம்பரில் வந்தார். அந்தப் பயணத்தில்தான் சிராவயலில் ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்த இளைஞர் ஜீவாவை, அதாவது பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ப. ஜீவானந்தத்தை, சந்தித்தார்.

அடுத்து ஊர் எல்லை. செட்டிநாடு ஒரு மாவட்டம் இல்லை. சிவகங்கை மாவட்டத்திலும் புதுக்கோட்டை மாவட்டத்திலும் பரந்து கிடக்கிறது. புதுக்கோட்டைப் பக்கத்து ராயவரத்தையும் மேலைச்சிவபுரியையும் விட்டுவிட்டால் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் தமிழறிஞர் வ.சுப. மாணிக்கமும் போய்விடுவார்கள். காரைக்குடிக்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் அசால்ட்டு.

நோட்டு

கம்ப்யூட்டரில் ஏற்றுவது அப்புறம். முதலில் நீளமான நோட்டு ஒன்று வாங்கி, மாதத்துக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குங்கள். மொய் நோட்டு மாதிரி கட்டம் போட்டால் போதும்: தேதி, ஆள் அல்லது நிகழ்ச்சி, ஊர், செய்த காரியம், எங்கிருந்து எடுத்தது. கடைசிக் கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. அதுதான் முக்கியம். 'சிலையின் பீடத்தில் பார்த்தது', 'நூற்றாண்டு மலரில் படித்தது', 'பேரன் சொன்னது' என்று இருந்தால்தான் இரண்டு வருஷம் கழித்துச் சந்தேகம் வரும்போது திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

கையிருப்புத் தேதிகள்

நோட்டு காலியாக இருந்தால் கை ஓடாது. ஆரம்பிக்கச் சில தருகிறேன்.

ஏப்ரல் மாதம் அழகப்பருடையது. 1909 ஏப்ரல் 6 பிறப்பு, 1957 ஏப்ரல் 5 மறைவு. 48 வயது நிறைய ஒரே ஒரு நாள் இருந்தது. இரண்டும் அடுத்தடுத்த நாள் என்பதால் முதல் நாள் மறைவையும் மறுநாள் பிறப்பையும் எழுத நேரிடும், வரிசை தலைகீழாகத் தெரியும். நான் சொல்வது: 5-ஆம் தேதி ஒரே வரி, 6-ஆம் தேதி முழுச் செய்தி. அவர் காரியங்களுக்கு வேறு தேதிகளும் உண்டு. மின்வேதியியல் ஆய்வகத்துக்கு, அதாவது நம்மூர் வாயில் 'சிக்ரி'க்கு, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலன்று, ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அந்த ஆய்வகம் இங்கே வருவதற்கு அழகப்பர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். ஆக ஒரே ஆளுக்கு ஆண்டில் நான்கு நாள் கிடைக்கிறது. நான்கிலும் ஒரே வாழ்க்கை வரலாற்றைத் திருப்பி எழுதாமல் பிரித்து எழுதுங்கள்.

அதே ஏப்ரலில் 15-ஆம் தேதி குன்றக்குடி அடிகளார் மறைந்த நாள், 1995. பிறந்தது 1925 ஜூலை 11. வ.சுப. மாணிக்கனாருக்குப் பிறப்பு 1917 ஏப்ரல் 17, மறைவு 1989 ஏப்ரல் 25. ஏப்ரலில் பள்ளி முடிகிற நேரம், பலகையைப் பார்க்க ஆளிருக்காது என்பதுதான் சங்கடம். நூலகப் பலகைக்கு அந்தக் கவலை இல்லை.

ஜூன் 24, 1927 கண்ணதாசன். இதை நீங்கள் எழுதாவிட்டாலும் ஊர் எழுதும். அதனால் மற்றவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்லுங்கள்: 1980-க்கான சாகித்ய அகாதமி விருது அவருக்குப் பாட்டுக்காகக் கிடைக்கவில்லை, 'சேரமான் காதலி' என்ற நாவலுக்குக் கிடைத்தது. 1981 அக்டோபர் 17-ல் சிகாகோவில் மறைந்தார். காரைக்குடியில் மணிமண்டபம் இருக்கிறது, இடம் தேட வேண்டியதில்லை.

ஜூலை 28, 1907 காரைக்குடியில் ஏ.வி. மெய்யப்ப செட்டியார். சென்னை வடபழனி ஸ்டுடியோவை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன், உலகப் போர்க் காலத்தில், காரைக்குடியில்தான் கொட்டகை போட்டுப் படம் எடுத்தார் என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நவம்பர் 7, 1922 ராயவரத்தில் அழ. வள்ளியப்பா. வங்கி வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாட்டு எழுதியவர். பள்ளிப் பலகைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

செப்டம்பர் 30-ஐயும் அக்டோபர் 16-ஐயும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் 1881. முதல் தேதியில் கானாடுகாத்தானில் அண்ணாமலை செட்டியார், இரண்டாவதில் மகிபாலன்பட்டியில் பண்டிதமணி. ஒருவர் பின்னாளில் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் நிறுவினார், மற்றவர் அங்கே தமிழ்ப் பேராசிரியராகப் போனார். இப்படி இரண்டு தேதி ஒன்றையொன்று தொடுகிற இடம் வந்தால் விடாதீர்கள். மூன்று வாரத் தொடராகவே எழுதலாம்.

வங்கித் தேதிகளையும் விட வேண்டாம். இந்தியன் வங்கி தொடங்கியது 1907 ஆகஸ்ட் 15. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி திவாலாகிப் பலர் காசைத் தொலைத்தார்கள். நம்மவர்களுக்கென ஒரு வங்கி வேண்டும் என்ற பேச்சு அதிலிருந்துதான் சூடு பிடித்தது. சுதந்திர தினக் கொடியேற்றத்தில் இது காணாமல் போகும், ஆகவே முந்தின நாளே எழுதிவிடுங்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10. சென்னை, காரைக்குடி, ரங்கூன் என்று மூன்று ஊரில் ஒரே நாளில் கதவு திறந்தது. அந்த மூன்று பெயரையும் வரிசையாக எழுதினாலே செட்டிநாட்டுச் சரித்திரம் பாதி வந்துவிடும்.

இரண்டு நாட்காட்டி

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். நம் ஊரில் நினைவு நாள் இரண்டு வழியில் ஓடுகிறது. பொது ஆட்களுக்கு ஆங்கிலத் தேதி. வீட்டுக்கும் கோயிலுக்கும் நட்சத்திரமும் திதியும்.

கம்பன் திருநாளை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-ல் காரைக்குடியில் தொடங்கியது. பங்குனி மாதம் மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில். அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில், கம்பன் சமாதியில். கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றியது பங்குனி அத்தத்தில் என்று ஒரு பழைய பாட்டு சொல்கிறது, அதனால் அந்த நாள். அந்தப் பாட்டு தருகிற சக ஆண்டு 807 (கி.பி. 885) என்ற கணக்கைப் பல ஆய்வாளர்கள் ஏற்பதில்லை, கம்பரை 12-ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். நாளைக் கொண்டாடலாம், ஆண்டைப் பலகையில் எழுத வேண்டாம்.

ஆங்கிலத் தேதி போட்டு இதை நோட்டில் எழுதினால் அடுத்த ஆண்டு தப்பாகும். நட்சத்திர நாட்களுக்கு நோட்டின் பின்பக்கத்தில் தனிப் பட்டியல் வைத்து, டிசம்பரில் புதுக் காலண்டர் வந்ததும் அந்த ஆண்டுக்கான தேதிகளைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பென்சில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு நட்சத்திரம் இரண்டு நாளில் பரவும்போது பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் வித்தியாசம் வரும். விழா நடத்துகிறவர்கள் அழைப்பிதழில் என்ன போடுகிறார்களோ அதுவே கணக்கு.

தேதியைச் சோதிப்பது

பாரதி மறைந்த நாள் செப்டம்பர் 11-ஆ, 12-ஆ? 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, விடிவதற்கு வெகுநேரம் முன்பு உயிர் பிரிந்தது. ஆங்கிலக் கணக்குப்படி 12. மாநகராட்சிப் பதிவும் அதுதான். விடியும்வரை முந்தின நாள் என்பது நம் வழக்கம், அதன்படி 11. தமிழக அரசு 'மகாகவி நாள்' என்று அறிவித்திருப்பதும் 11. நீங்கள் 11-ல் எழுதி, 'நள்ளிரவுக்குப் பின்' என்று இரண்டு சொல் சேர்த்துவிட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

மருது சகோதரர்களுக்கு இன்னொரு விதம். 1801 அக்டோபர் 24-ல் சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். திருப்பத்தூரில் அன்றுதான் அரசு விழா. சமாதி இருக்கும் காளையார்கோவிலில் குருபூஜை 27-ல். இரண்டும் சரி, ஊர் வேறு. எந்த ஊரில் எந்த நாள் என்று எழுதினால் முடிந்தது. அக்டோபர் 24 பண்டிதமணி மறைந்த நாளும்கூட, 1953. மகிபாலன்பட்டிப் பலகைக்கு எது முதல் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

எளிதான சோதனை ஒன்று உண்டு, கிழமை. பழைய கடிதத்திலோ கல்வெட்டிலோ தேதியோடு கிழமையும் இருந்தால், போனில் அந்த ஆண்டின் காலண்டரைத் திறந்து பாருங்கள். 1927 ஜூன் 24 வெள்ளிக்கிழமை. ஒருவர் உங்களிடம் கொடுக்கும் தாளில் அது திங்கள் என்று இருந்தால் தேதி, கிழமை, ஆண்டு மூன்றில் ஒன்று தப்பு. செய்தித்தாள் கத்தரிப்பு கிடைத்தால் தாளின் தேதி வேறு, நிகழ்ந்த தேதி வேறு என்பதை மறக்க வேண்டாம். 'நேற்று காலமானார்' என்று உள்ளே இருக்கும். பள்ளிச் சான்றிதழ் பிறந்த தேதியைப் பழைய ஆட்களுக்கு நம்பவே வேண்டாம். வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டதுதான் அதிகம்.

தமிழ் ஆண்டை மாற்றுவது

வீட்டுப் பெட்டியிலிருந்து வரும் ஏடும் பத்திரமும் 'கீலக வருஷம் பங்குனி மாதம்' என்றுதான் பேசும். பயப்பட வேண்டாம். 1867, 1927, 1987 மூன்றும் பிரபவ ஆண்டு தொடங்கிய ஆண்டுகள். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அறுபது பெயர் வரிசையில் கீலக 42-ஆவது. ஒன்றைக் கழித்து 41, அதை 1867-உடன் கூட்டினால் 1908. ஆனால் மாதம் பங்குனி. சித்திரையில் தொடங்கும் ஆண்டு பங்குனிக்கு வரும்போது ஆங்கில ஆண்டு மாறியிருக்கும், ஆகவே 1909. சரிபார்க்க வேண்டுமா? அழகப்பர் பிறந்த 1909 ஏப்ரல் 6 கீலக பங்குனிதான். தை, மாசி, பங்குனி என்றால் எப்போதும் ஒன்று கூட்டுங்கள். மார்கழியின் பின்பாதிக்கும் இதே கதை.

அதே கீலக 60 ஆண்டு கழித்து 1968-லும் வரும். எந்தச் சுற்று என்பதைப் பத்திரம்தான் சொல்ல வேண்டும். பணம் ரூபாய் அணாவில் இருக்கிறதா, ரங்கூன் கடைப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

எத்தனையாவது ஆண்டு?

நூற்றாண்டு விழா அறிவிப்பில் எல்லோரும் மோதிக்கொள்ளும் இடம் இது. 1927-ல் பிறந்த கண்ணதாசனுக்கு 2026 ஜூன் 24-ல் 99 முடிந்து 100 தொடங்குகிறது. 2027 ஜூன் 24-ல் 100 நிறைகிறது. நம் ஊரில் தொடக்கத்தில் ஒரு விழா, நிறைவில் ஒரு விழா. பலகையில் 'நூற்றாண்டு' என்று மொட்டையாக எழுதாமல் 'தொடக்கம்' அல்லது 'நிறைவு' என்று சேர்த்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் எத்தனையாவது என்பதையே விட்டுவிட்டுப் பிறந்த ஆண்டை மட்டும் எழுதுங்கள். கணக்கு விருப்பப்பட்டவர்கள் போட்டுக்கொள்வார்கள்.

பலகையில் எழுதுவது

நான்கு வரி. அதற்கு மேல் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். கையிருப்பிலிருந்து ஒன்று:

"ஜனவரி 18. ஜீவா மறைந்த நாள் (1963). இருபது வயதில் நம் சிராவயலில் ஆசிரமம் நடத்தினார். 1927-ல் காந்தி அவரை அங்கேயே வந்து பார்த்தார். மஞ்சுவிரட்டுக்குப் போனவர்கள் அந்த ஊரைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள்."

பொங்கலை ஒட்டி சிராவயலில் மஞ்சுவிரட்டு முடிந்த சூட்டோடு இது வருகிறது, அதனால்தான் கடைசி வரி வேலை செய்கிறது. 'மாபெரும்', 'ஒப்பற்ற', 'ஈடு இணையற்ற' மூன்றையும் அழித்துவிடுங்கள். ஆள் பெரியவர் என்பது செய்த காரியத்தில் தெரியட்டும். சாதிப் பெருமை தொனிக்கிற வரிக்கும் இதே சிகிச்சை. இது ஊர்ப் பலகை, சங்கப் பலகை இல்லை.

கசப்பான நாட்கள்

வள்ளல்களும் கவிஞர்களும் மட்டும் என்றால் பலகை இனிப்புக் கடை ஆகிவிடும். 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் முதல் குண்டு போட்டன. அதற்கு முன் உலகப் பொருளாதார மந்தத்தில், நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பர்மாவில் கொடுத்த கடன் திரும்பாமல், ஈடாக வந்த வயல்களால், கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் கால்வாசி அவர்கள் கைக்கு வந்திருந்தது. பர்மியர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். அப்புறம் அந்த நிலமும் போனது, ஆட்கள் நடந்தே ஊர் திரும்பினார்கள். செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு முன்னால் நின்று இந்தத் தேதியைச் சொல்லலாம்.

ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1954 மார்ச் 13-ல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்தார். அவருக்கு அப்போது 45 வயது.

ஒன்றும் கிடைக்காத நாட்கள் நிறைய வரும். அன்று பலகையைச் சும்மா விடுங்கள், அல்லது ஒரு குறள். இடம் நிரப்புவதற்காக இணையத்தில் கிடைத்ததை எடுத்துப் போட்டால் பழைய எடிசன் கதைக்கே திரும்பிவிடுவோம்.

ஆச்சிகள் எங்கே?

மேலே உள்ள பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். எல்லோரும் ஆண்கள். சிவகங்கைச் சீமை என்று எல்லையைக் கொஞ்சம் அகட்டினால் வேலுநாச்சியார் வருவார். மற்றபடி தேதி எழுதி வைக்கப்பட்ட பெண்கள் குறைவு. ஆனால் நினைவு இல்லை என்று அர்த்தமில்லை. நகரத்தார் வீடுகளில் படைப்பு என்று ஒன்று உண்டு. மறைந்த முன்னோருக்கு, அதில் பெண்களுக்கும், சேலை வைத்து உணவு படைப்பார்கள். அங்கே பெயர் இருக்கும், கதை இருக்கும், ஆங்கிலத் தேதி இருக்காது.

ஆகவே வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) உட்கார்ந்திருக்கும் பெரிய ஆச்சியிடம் போகும்போது "எந்தத் தேதி ஆச்சி?" என்று கேட்காதீர்கள். "என்ன மாசம், என்ன நட்சத்திரம், அப்ப வீட்டுல என்ன விசேஷம் நடந்துச்சு?" என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்த அம்மா, ஊருணி வெட்டப் பணம் தந்த ஆயா என்று ஆட்கள் வருவார்கள். வீட்டார் சம்மதம் வாங்கிய பிறகே பலகையில் ஏற்றுங்கள். உயிரோடிருப்பவர்களின் பிறந்த நாளுக்கும் இதே விதி.

திருத்தம் சொல்ல வருபவர்கள்

கண்டிப்பாக வருவார்கள், பெரும்பாலும் காலை ஏழு மணிக்கு. "எங்க ஐயா பிறந்தது ஆவணிதான், நீ என்ன புரட்டாசின்னு போட்டிருக்கே" என்பார் ஒருவர். நின்றபடி வாதாட வேண்டாம். உட்கார வைத்து, காபி கொடுத்து, எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். ஜாதகமா, கடிதமா, வீட்டில் சொல்லி வந்ததா? நோட்டைத் திறந்து, பழைய பதிவை அடிக்காமல், அதன் கீழே அவர் சொன்னதையும் அவர் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதுங்கள். அவர் கையெழுத்துப் போட விரும்பினால் போடட்டும். ஜாதகத்தைக் கொண்டுவருகிறேன் என்றால் எந்த நாள் வருவார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டு வராதவர்கள்தான் அதிகம், போன் நம்பரையும் வாங்கி வையுங்கள்.